எஸ்டேட் வாசலில் நிற்கும் பிள்ளைகள்

செமஸ்டர் லீவு விட்டதும் சென்னை பட்டரவாக்கம் ஸ்டேஷனிலும் அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டிலும், கல்லூரிக் கடிதத்தை ஃபைலில் வைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். "ஐ.பி.டி.க்கு வந்திருக்கோம் சார், எச்.ஆரைப் பார்க்கணும்" என்று கேட் கேட்டாக ஏறி இறங்குவார்கள். ஐ.பி.டி. என்றால் இன்-பிளான்ட் டிரெயினிங், தொழிற்சாலைப் பயிற்சி. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இத்தனை பொறியியல் கல்லூரிகள். கூப்பிடு தூரத்தில் 1960களில் உருவான இவ்வளவு பெரிய தொழிற்பேட்டை. அப்படியிருந்தும் பல பேருக்கு செக்யூரிட்டியோடு சரி.

இதைப் பார்த்துத்தான் சிலர் கடை விரிக்கிறார்கள். பணம் கட்டினால் போதும், ஒரு நாள்கூட வராமல் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். பெற்றோர்களே, தயவுசெய்து அதற்குக் காசு கொடுக்காதீர்கள். "அங்கே என்ன ஜாப் ஓடியது, எதனால் ரிஜெக்ட் ஆனது?" என்று நேர்காணலில் கேட்டால், மைக்ரோமீட்டரைத் தொட்டுப் பார்த்த பிள்ளைதான் பதில் சொல்லும்.

ஐ.பி.டி. என்பது சில நாள் பார்த்துக் கற்பது. இன்டர்ன்ஷிப் ஒன்றிரண்டு மாதமோ ஒரு செமஸ்டரோ போகும். கல்லூரி கிரெடிட் தரலாம், உதவித்தொகை கம்பெனியைப் பொறுத்தது. கோவை பி.எஸ்.ஜி.யில் படிப்பையும் ஆலையையும் சேர்த்த சாண்ட்விச் படிப்பே உண்டு.

அப்ரண்டிஸ் முற்றிலும் வேறு. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை உருவான அதே 1961-இல் வந்த சட்டம் அதற்கு இருக்கிறது. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் வேண்டும். குறைந்தபட்ச உதவித்தொகை உண்டு. முப்பது பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனம், தன் ஊழியர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு முதலாளியின் பொறுப்பு.

ஐ.பி.டி.க்கு வரும் மாணவருக்கு இந்தச் சட்டத்தின் காவல் கிடையாது. எனக்குக் கவலையே இதில்தான். பவர் பிரஸ் அடிக்கும் ஷாப்பில், ரப்பர் செருப்போடு ஒரு பதினெட்டு வயதுப் பையன் நிற்கலாமா? சேஃப்டி ஷூ யார் தருவது, விபத்துக் காப்பீடு யார் பேரில் என்று கல்லூரியும் கம்பெனியும் முதல் நாளுக்கு முன்பே கடிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதித் தராத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பக் கூடாது என்பேன்.

"சொல்லிக்கொடுக்க நேரம் எங்கே சார்?" என்று கேட்கும் சிறு பட்டறை முதலாளிகளின் சிரமம் புரிகிறது. ஒரு நோட்டைக் கையில் கொடுங்கள். எந்த மெஷினில், எந்த ஷிஃப்டில், எந்த ஆபரேஷனில் ரிஜெக்ஷன் கூடுகிறது என்று எழுதச் சொல்லுங்கள். சாயங்காலம் சூப்பர்வைசர் பத்து நிமிஷம் உட்கார்ந்து அதைப் பார்த்தால் போதும். மாணவருக்குத் தொழில் பிடிபடும், உங்களுக்கும் கணக்கு கிடைக்கும்.

படிப்பு முடிந்தவர்கள், டிப்ளமோவோ டிகிரியோ, மத்திய அரசின் தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டமான நாட்ஸ் தளத்தில் பதிவு செய்யுங்கள், கட்டணம் இல்லை. அந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை அரசே ஏற்கிறது. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் நம் தரமணியிலேயே இருக்கிறது. முதலாளிகளும் அங்கே போய் விவரம் கேட்கலாம்.