பயிற்சியின் பயனை எங்கே காண்பது?



சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற 1959-ஆம் ஆண்டிலேயே அரசு அலுவலர்களுக்கென அரசியல் ஆய்வு நிலையம் தொடங்கப்பெற்றது. கோப்புகளை அறிந்தோர் நாட்டின் நிலையையும் அறிதல் வேண்டும் என்பது அதன் நோக்கம்.

அதே ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக், பயிற்சியை மதிப்பிட நான்கு படிகளை எழுதினார்: பங்கேற்போர் கருத்து, கற்றல், பணியில் மாற்றம், விளைவு. நாமோ பெரும்பாலும் கருத்துப் படிவத்தை நிரப்பியதும் கலைந்துவிடுகிறோம்.

பயிற்சியை வகுப்போர் இறுதிப் படியிலிருந்து தொடங்குதல் நன்று. அலுவலக முகப்புக்கு வரும் தமிழ் முதியவர், தமக்கு வந்த கடிதத்தின் பொருளை உணர்ந்து திரும்புதல் வேண்டும். அதற்கு அலுவலர் எதை வினவுவார், எவ்வாறு விளக்குவார்? அதனையே வகுப்பில் நடித்துப் பழகுவோம். மூன்று திங்கள் கழித்து முகப்பிலேயே சென்று காண்போம். அம்முதியவர் பெறும் தெளிவே நம் பயிற்சிக்கு அளவுகோல்.