விட்டுக்கொடுக்க வேண்டியவர் யார்?

சபையில் ஒற்றுமை குறைந்துவிட்டதாக வருந்துவோர் பலர், சண்டை மூளும்போதெல்லாம் எளிய விசுவாசியைப் பார்த்தே ‘பொறுத்துப்போ, விட்டுக்கொடு’ என்று புத்தி சொல்கிறார்கள். இப்புத்திமதி வேதத்துக்கு முற்றிலும் முரணானது என்பதே இம்மேடையில் இன்று நிறுவப்பட வேண்டிய செய்தி.

எருசலேமின் முதற்சபையில், கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள் தங்கள் விதவைகள் அன்றாடப் பந்தியில் புறக்கணிக்கப்படுவதாக முறுமுறுத்ததை, அப்போஸ்தலருடைய நடபடிகள் ஆறாம் அதிகாரம் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. அப்போஸ்தலர் அவர்களைக் கலகக்காரர் என்று அடக்கவில்லை. பந்தி விசாரிப்புக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பைச் சபையிடமே விட்டனர். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி அந்த எழுவர் பெயரும் கிரேக்கப் பெயர்களாகவே இருப்பதால், வலுவுள்ள தரப்பு உணவுப் பொறுப்பைக் குறை சொன்ன தரப்பின் கையிலேயே ஒப்படைத்தது என்று கொள்ள இடமுண்டு. பிலிப்பியர் நிருபம் போற்றும் தன்னல மறுப்பும், உயர்ந்த நிலையில் இருந்த கிறிஸ்து தம்மைத் தாமே வெறுமையாக்கியதைத்தான் முன்மாதிரியாகக் காட்டுகிறது. ஏற்கெனவே வெறுங்கையோடு நிற்பவரை மேலும் இழக்கச் சொல்ல அந்த நிருபத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

உயர்ந்த நிலையில் இருப்பவரே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதையே சிவகாசி வட்டாரமாகிய இந்த மண்ணின் வரலாறும் சொல்கிறது. கேம்பிரிட்ஜில் கல்லூரி வாழ்வையும், சென்னையில் சர்ச் மிஷனரி சங்கச் செயலாளர் பொறுப்பையும் விட்டுவிட்டு, தாமஸ் ராக்லண்டு என்னும் மிஷனரி 1850களில் வட திருநெல்வேலிச் சீமையில் கூடாரமிட்டு ஊர் ஊராகச் சென்று ஊழியம் செய்து, 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் மரித்தார். அவரைப் பற்றிப் பேசுவோர் மறக்கும் செய்தி ஒன்றுண்டு: தென் திருநெல்வேலியின் சபைகள் தங்கள் உபதேசிமாரை, அதாவது ஊர்ச்சபைகளில் போதித்து வழிநடத்தும் ஊழியரை, முறைவைத்து வடக்கே அனுப்பி, அதற்கான செலவையும் தாங்களே தாங்கின. முன்பின் அறியாதவருக்காகப் தெற்கின் பனங்காட்டு ஏழைகள் கொடுத்த காணிக்கையும் வடக்கிலுள்ள சபைகளின் அஸ்திவாரத்தில் இருக்கிறது. ஏற்கெனவே கொடுத்த எளியவரிடமே மேலும் விட்டுக்கொடுக்கச் சொல்வது முறையல்ல.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்க ஆயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலியோர் கூடி வேண்டிய சபை ஐக்கியம், 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக உருவாயிற்று. ஆயர் பதவியே இல்லாதிருந்த சபைகள் அதை ஏற்றன. ஆங்கிலிக்கரோ, ஆயரால் அபிஷேகம் பெறாத பிற சபைப் போதகரையும் மறு அபிஷேகமின்றிப் போதகராகவே ஏற்றனர். நூற்றாண்டுக் கணக்கான கொள்கைகளையே பேசி விட்டுக்கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், சேகரக் கமிட்டி எனப்படும் சபை நிர்வாகக் குழுவின் ஒரு நாற்காலிக்காக அணி பிரிந்து, வாக்குச் சேகரித்து, நீதிமன்றப் படியேறுவது வெட்கக்கேடு. அணிகள் இருப்பது ஜனநாயகம் என்பாரும் உண்டு. ஆனால், பள்ளி வேலை நியமனத்தையும் சொத்து நிர்வாகத்தையும் குறிவைத்து நடக்கும் போட்டிக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

மக்கள் ‘பயராபீஸ்’ என்று வழங்கும் பட்டாசு ஆலைகளின் நடுவே வாழும் சிவகாசிச் சபைக்கு, யார் விட்டுக்கொடுப்பது என்பது உயிர்ப் பிரச்சினை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு குறித்து வழங்கிய தீர்ப்பை அடுத்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது, செய்த வேலைக்கு ஏற்பக் கூலி வாங்கும் தொழிலாளிக்கு அடுப்பெரியவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்தது போன்ற வெடிவிபத்துகளோ பல வீடுகளை ஒரே நாளில் அனாதையாக்குகின்றன. ஆலை முதலாளியும் வெடிமருந்து அடைப்பவரும் ஒரே அப்பத்தில் பங்குபெறும் ஆலயத்தில், அசனம் என்னும் சபை விருந்தில் ஆண்டுக்கொரு முறை ஒன்றாக அமர்ந்து உண்பதை மட்டும் ஐக்கியம் என்று எண்ணி மனநிறைவு அடைவது பவுல் கொரிந்து சபையைக் கண்டித்த அதே குற்றமாகும். அங்கே ஒருவன் பசியாயிருக்க, மற்றவன் குடித்து வெறித்திருந்தான். பகிர்வதற்கான வழியும் அருகிலேயே உண்டு: விருதுநகர் வணிகர், மகமை என்ற பெயரில் தங்கள் வியாபாரத்திலிருந்து பொதுவுக்கென ஒரு பங்கை ஒதுக்கியே 1889இல் பள்ளி கண்டவர்கள். அவர்களுக்குக் கைவந்த வழி திருச்சபைக்குக் கைவராது என்பதை யாரும் ஏற்க இயலாது.

ஆகவே, நீண்ட காலம் பதவியில் இருப்போர் வருகிற தேர்தலில் தாமாக விலகி, அந்த இடங்களை ஆலைத் தொழிலாளருக்கும் விதவைகளுக்கும் விட்டுத்தர வேண்டும். வேலையற்ற மாதங்களுக்கும் விபத்துக்கும் உதவத் தனி நிதி தொடங்கி, அதன் கணக்கை அவர்கள் கையிலேயே ஒப்படைக்க வேண்டும்.