கைடு படித்தால் போதுமா?

(நம் சங்க நூலகத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற சமூகவியல் பேராசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சங்க நிர்வாகிகளுக்கும், வந்திருக்கும் பெற்றோர்களுக்கும், முன்வரிசை காலியாக இருந்தும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களுக்கும் என் நன்றி.

இந்த வருஷம் நம் வளாகத்துப் பிள்ளைகள் சிலர் பி.ஏ. சமூகவியலில் சேர்ந்திருக்கிறார்கள். இரண்டு மூன்று பேர் குடிமைப் பணித் தேர்வுக்கு அதையே விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறார்கள். எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "சார், தியரி பேப்பர்தான் பயமா இருக்கு. கைடு படிச்சா போதுமா, ஒரிஜினல் புத்தகத்தையும் படிக்கணுமா?"

நம் ஊரில் கைடு என்றால் கேள்வி - பதில் புத்தகம். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி படித்துவிட்டு மறந்துவிடுவோம். நான் இன்று பேசப்போவது அதைப் பற்றி அல்ல. ஒரு சிந்தனையாளர் என்ன கேட்டார், ஏன் கேட்டார் என்று புதிதாக வருபவருக்குச் சொல்லித் தரும் அறிமுக நூல்களைப் பற்றி.

அறிமுக நூலைப் படிப்பது குறுக்கு வழி என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். 'சமூகவியல்' என்ற பெயரைப் பரப்பிய பிரெஞ்சுக்காரர் ஒகுஸ்த் காம்ட் 1830 முதல் 1842 வரை ஆறு தொகுதிகள் எழுதினார். ஹாரியட் மார்ட்டினோ என்ற ஆங்கிலேயப் பெண்மணி அவற்றைச் சுருக்கி, 1853-ல் இரண்டே தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். காம்ட்டுக்கு அந்தச் சுருக்கம் மிகவும் பிடித்துப்போனது. தன்னைப் பின்பற்றுபவர்கள் படிக்க வேண்டிய நூல் பட்டியலில் தன் மூலத்துக்குப் பதிலாக அதையே சேர்த்தார். பிற்பாடு அந்தச் சுருக்கத்தைப் பிரெஞ்சிலேயே திரும்ப மொழிபெயர்த்தார்கள். ஆக, அறிமுக நூலின் வயது ஏறக்குறைய இந்தத் துறையின் வயதுதான்.

சரி, நல்ல அறிமுக நூல் எது? என் அளவுகோல் ஒன்றுதான். அது உங்களுக்கு விடையைத் தருகிறதா, கேள்வியைத் தருகிறதா என்று பாருங்கள். "வேபர் கூறிய அதிகாரத்தின் மூன்று வகைகள் யாவை?" என்பது தேர்வுக் கேள்வி. "ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஏன் கேட்கிறார்?" என்பது வேபரின் கேள்வி. இரண்டாவது மனதில் பதிந்துவிட்டால் முதலாவதற்கு விடை தானாக வரும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நமக்குக் கொஞ்சம் சங்கடமான உதாரணம்தான். பல அடுக்குமாடிகளில் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் சர்வீஸ் லிஃப்ட்டில்தான் போக வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இதை மூன்று பேரிடம் கொண்டுபோவோம்.

மார்க்ஸ் கேட்பார்: இந்தக் கட்டடம் யாருடைய உழைப்பில் நடக்கிறது? கூலியை யார் தீர்மானிக்கிறார்கள்? பேரம் பேசும் பலம் யார் பக்கம் இருக்கிறது?

வேபர் அதோடு நிற்க மாட்டார். காசு மட்டும்தானா காரணம் என்பார். டியூஷன் எடுக்க வரும் ஆசிரியைக்கும் வருமானம் குறைவுதான். அவரை யாரும் சர்வீஸ் லிஃப்ட்டுக்கு அனுப்புவதில்லையே! அப்படியானால் வர்க்கம் வேறு, அந்தஸ்து வேறு. யார் பக்கத்தில் யார் நிற்கலாம் என்பது அந்தஸ்தின் விஷயம்.

துர்கைம் வேறு கோணத்தில் வருவார். பல இடங்களில் இந்த விதி எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. ஆனாலும் எல்லோரும் அதன்படி நடக்கிறார்கள். மீறிப் பாருங்கள், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தனிமனிதருக்கு வெளியே நின்று அவரைக் கட்டுப்படுத்தும் இப்படிப்பட்ட ஒன்றைத்தான் அவர் 'சமூக உண்மை' என்றார்.

லிஃப்ட் ஒன்றுதான், கேள்விகள் மூன்று. ஓர் அறிமுக நூலைப் படித்து முடித்ததும் உங்களால் இப்படி ஒரு லிஃப்ட்டைப் பார்க்க முடிந்தால் அது நல்ல நூல். மூன்று வரையறைகளை ஒப்பிக்க மட்டும் முடிந்தால் அதை மடித்து வைத்துவிட்டு இன்னொன்றை எடுங்கள்.

இனி, அறிமுக நூல்களிடம் கவனமாக இருக்க வேண்டிய இரண்டு இடங்கள்.

முதலாவது, யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பது. மார்க்ஸ், துர்கைம், வேபர் என்ற மும்மூர்த்திகள் ஆதியிலிருந்தே சேர்ந்து இருந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கப் பேராசிரியர் டால்காட் பார்சன்ஸ் 1937-ல் எழுதிய பெரிய நூலின் நாயகர்கள் மார்ஷல், பரேட்டோ, துர்கைம், வேபர். மார்க்ஸுக்கு அதில் சில பக்கங்கள்தான். 1971-ல் அந்தோணி கிடன்ஸ் மார்க்ஸ், துர்கைம், வேபர் மூவரையும் ஒன்றாக வைத்து எழுதிய நூல், இன்று நாம் பழகிய வரிசையை நிலைநிறுத்த உதவியது. டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் பிலடெல்பியாவின் கறுப்பின மக்களிடையே வீடு வீடாகச் சென்று ஆய்வு செய்து 1899-லேயே நூல் வெளியிட்டார். பல பாடநூல்கள் அவரை நெடுங்காலம் கண்டுகொள்ளவே இல்லை. அவர் எப்படி ஒதுக்கப்பட்டார் என்று ஆல்டன் மாரிஸ் 2015-ல் தனிப் புத்தகமே எழுத வேண்டியிருந்தது. அதனால் எந்த அறிமுக நூலை எடுத்தாலும் பொருளடக்கத்தைப் பார்த்து, யார் இல்லை என்றும் ஒருமுறை கேளுங்கள்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. வேபர் என்றாலே 'இரும்புக் கூண்டு' என்று எழுதாத மாணவர் இல்லை. அந்தச் சொல் 1930-ல் பார்சன்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் வந்தது. வேபர் ஜெர்மனில் எழுதியதை 'எஃகைப் போல் இறுகிய ஓடு' என்று சொல்லலாம். கூண்டு என்றால் நாம் உள்ளே அடைபட்டிருக்கிறோம், கதவைத் திறந்தால் தப்பிவிடலாம். ஓடு என்றால் ஆமையின் ஓடு மாதிரி, நம் உடம்போடு ஒட்டியது. இரண்டும் ஒன்றா? இந்த வித்தியாசம் பல கைடுகளில் கிடைக்காது.

அடுத்து நான் சொல்வது தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்காக. முதல் வாரத்திலேயே ஒரு கனமான ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து, நாலு பக்கம் புரியாமல், "நமக்கு மண்டை இல்லை" என்று முடிவுகட்டிவிடுகிறீர்கள். சி. ரைட் மில்ஸ் என்ன செய்தார் தெரியுமா? 1959-ல் எழுதிய 'சமூகவியல் கற்பனை' நூலில் பார்சன்ஸின் நீண்ட பத்திகளை எடுத்து, ஒவ்வொன்றையும் சில எளிய வாக்கியங்களில் சொல்லிக் காட்டினார். பார்சன்ஸின் 555 பக்க நூலைச் சுமார் 150 பக்கத்தில் நேரடியான ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம் என்றார். ஆகவே புரியவில்லை என்றால் குற்றம் எப்போதும் உங்களுடையது இல்லை. மில்ஸ் செய்ததை நீங்கள் தமிழில் செய்யுங்கள். ஒரு பத்தி படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டில் அம்மாவுக்குச் சொல்வது போல மூன்று வரி எழுதுங்கள். எழுத வந்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது எந்தப் புத்தகம் என்ற கேள்வி. தொடங்குவதற்கு என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்புச் சமூகவியல் பாடநூல் போதும். மேற்கத்திய சிந்தனையாளர்களுக்கு ஓர் அத்தியாயம், இந்தியச் சமூகவியலாளர்களுக்கு ஓர் அத்தியாயம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அடுத்து பீட்டர் பெர்கர் 1963-ல் எழுதிய 'சமூகவியலுக்கு ஓர் அழைப்பு'. சின்னப் புத்தகம், கதை போல ஓடும். சிந்தனையாளர்களின் வாழ்க்கையும் காலமும் தெரிய வேண்டுமென்றால் லூயிஸ் கோசரின் 1971-ஆம் ஆண்டு நூல். ரிட்சரின் பெரிய பாடநூலை முதல் நாளே தூக்க வேண்டாம். அகராதி போல வேண்டிய இடத்தைப் புரட்டுங்கள்.

ஒவ்வொரு சிந்தனையாளருக்கும் அறிமுகம் முடிந்த கையோடு மூலத்தில் பத்துப் பக்கம். கம்யூனிஸ்ட் அறிக்கையின் முதல் பகுதி, துர்கைமின் 'சமூகவியல் முறையின் விதிகள்' நூலின் முதல் அத்தியாயம், வேபரின் 'புராட்டஸ்டன்ட் அறம்' நூலின் கடைசிப் பக்கங்கள். ஒரு மாதத்துக்குள் இதை முடித்துவிடலாம்.

"இதெல்லாம் ஐரோப்பாக்காரன் சமாச்சாரம், நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் ஆந்த்ரே பெத்தேயின் 'சாதி, வர்க்கம், அதிகாரம்' நூலைப் பாருங்கள், 1965-ல் வந்தது. தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்து, ஸ்ரீபுரம் என்று புனைபெயர் கொடுத்து எழுதினார். நிலமும் சாதி உயர்வும் அதிகாரமும் முன்பு ஏறக்குறைய ஒரே கையில் இருந்தன, பிறகு மெல்லப் பிரிந்தன என்று காட்டினார். அந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கும் கண், வேபரிடமிருந்து வந்தது. கண்ணாடி ஜெர்மனியில் செய்தது, பார்த்தது நம் வயலையும் தெருவையும்.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "சோசியாலஜி படிச்சு என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கவலை. அதற்கும் மில்ஸ் ஒரு வழி காட்டுகிறார். ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லையென்றால் அது அவருடைய சொந்தத் தொல்லை. ஐந்து கோடி உழைப்பாளர்கள் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால் அது பொதுப் பிரச்சினை. எது சொந்தத் தொல்லை, எது பொதுப் பிரச்சினை என்று பிரித்தறியத் தெரிந்தவர் அலுவலகத்துக்கும் வேண்டும், ஊராட்சிக்கும் வேண்டும், நம் சங்கத்தின் பொதுக்குழுவுக்கும் வேண்டும். பிள்ளைகள் சாப்பாட்டு மேஜையில் சர்வீஸ் லிஃப்ட்டைப் பற்றிக் கேட்டால் "உன் வேலையைப் பார்" என்று சொல்லிவிடாதீர்கள். அப்போது அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது தங்கள் பாடத்தைத்தான்.

மேலே சொன்ன நூல்களில் சிலவற்றை நம் நூலகத்துக்குத் தந்திருக்கிறேன். ஞாயிறு மாலைகளில் நானும் இங்கேதான் இருப்பேன். பத்துப் பக்கம் சேர்ந்து படிக்க விரும்புபவர்கள் வாருங்கள்.