கம்பளியில் நிலைக்கும் வேர்ச் சிவப்பு

துருக்கியின் மேற்குக் கிராமங்களில் நெய்யப்படும் கம்பள விரிப்புகளுக்குச் சிவப்பு நிறம் ஒரு செடியின் வேரிலிருந்து கிடைக்கிறது. நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் மஞ்சிட்டிக்கு அது நெருங்கிய உறவு, பெயர் மேடர். மூன்று ஆண்டுகளாவது மண்ணில் வளர்ந்த செடியின் வேரைத் தோண்டி, உலர்த்தி, பொடிக்கிறார்கள். நிறம் தருவது அதிலுள்ள அலிசரின். சோழமண்டலக் கரையில் பருத்தித் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் இதே அலிசரின்தான் உண்டு.

ஆனால் வேர்ப்பொடி கரைந்த நீரில் நூலை முக்கினால் மட்டும் போதாது. நிறம் மங்கலாக ஒட்டும். துவைக்கத் துவைக்க வெளிறும். முதலில் நூலைப் படிகாரத்தில் ஊறவைக்க வேண்டும். கம்பளி என்பது புரதம். படிகாரத்திலுள்ள அலுமினியம் அந்தப் புரதத்தையும் பற்றிக்கொள்கிறது, பின்னால் வரும் அலிசரினையும் பற்றிக்கொள்கிறது. இப்படி இடையில் நின்று பிணைக்கும் பொருளுக்கு நிறமூன்றி என்று பெயர். எண்ணெய்ப் பசை போகக் கழுவிய நூல் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 150 கிராம் படிகாரம் போதும். வெதுவெதுப்பான நீரில் தொடங்கி, மெல்லச் சூடேற்றி, தளதளவென்று கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். சூட்டிலிருந்து எடுத்த கம்பளியைச் சட்டென்று குளிர்ந்த நீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் பின்னிச் சுருங்கிவிடும். அதைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. இந்த வேலையில் அவசரத்துக்கு இடமில்லை.

அடுத்தது சாயத்தொட்டி. நூலின் எடைக்கு ஏறக்குறைய சமமான எடையில் வேர்ப்பொடி சேர்ப்பது வழக்கம். சூடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேரிலுள்ள பழுப்பு நிறப் பொருள்களும் இறங்கிச் சிவப்பைக் கெடுக்கும். சுண்ணாம்புச் சத்துள்ள கிணற்று நீர் வேறு வேலைகளுக்குத் தொல்லை. மேடர் சிவப்புக்கோ அதுவே துணை.

நீலத்தின் வழி முற்றிலும் வேறு. அவுரி நீலம் நீரில் கரையாது. காரம் கலந்த தொட்டியில் ஆக்சிஜனை நீக்கினால்தான் அது கரைந்து மஞ்சள் கலந்த பச்சையாகிறது. அதில் தோய்த்த நூலை வெளியே எடுத்ததும் காற்று பட்டு, சில நிமிடங்களில் நீலமாக மாறுகிறது. இதற்குப் படிகாரம் வேண்டாம். ஆனால் காரம் மிகுந்தால் கம்பளி நைந்துவிடும். பச்சைக்கு இரட்டை உழைப்பு: வெல்ட் என்ற செடியின் மஞ்சளை ஏற்றி, அவுரியையும் சேர்க்க வேண்டும்.

1856இல் வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தார். 1868இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் கிரேபும் லீபர்மானும் அலிசரினையே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார்கள். அதன்பின் மேடர் வயல்கள் வீழ்ந்தன. துருக்கிக் கிராமங்களிலும் வேர்ச்சாயம் மெல்ல மறைந்தது. அங்கே வந்து சேர்ந்த மலிவான தொடக்கக் காலச் சாயங்கள் பலவும் வெயிலில் வெளுத்தன, ஈரத்தில் கசிந்தன. இழந்த அறிவை மீட்டது ஹரால்டு பேமர் என்ற ஜெர்மன் வேதியியல் ஆசிரியரின் உழைப்பு. பழைய விரிப்புகளின் இழைகளைப் பகுத்தாய்ந்து எந்த நிறம் எந்தச் செடியிலிருந்து வந்தது என்று அவர் கண்டுபிடித்தார். 1981இல் இஸ்தான்புல் மர்மரா பல்கலைக்கழகத்தின் துணையுடன் இயற்கைச் சாயத்தை மீட்கும் டோபாக் திட்டம் தொடங்கியது. மேற்குத் துருக்கியின் அய்வஜிக் வட்டாரக் கிராமத்தவர் தங்கள் முன்னோரின் சாயமுறையை மறுபடியும் கற்றார்கள்.

பழைய விரிப்புகள் இன்னொன்றையும் காட்டுகின்றன. சிவப்பும் நீலமும் அப்படியே இருக்க, கரும்பழுப்புக் கோடுகள் மட்டும் தேய்ந்து பள்ளமாகியிருக்கும். துவர்ப்புச் சத்துள்ள சாயத்துடன் இரும்பு உப்பைச் சேர்த்து வரவழைத்த கருமை அது. அந்த இரும்பு ஆண்டுக்கணக்கில் இழையை அரித்துவிடுகிறது. அதனால் கருமை வேண்டிய இடத்தில் கருநிற ஆட்டின் மயிரைச் சாயமேற்றாமல் அப்படியே நூற்றுப் பயன்படுத்தும் வழக்கமும் உண்டு.