மூடியின் மேல் ஓர் எருமை

(குன்னூரில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கல்விச் சுற்றுலா பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் சொதப்பிய ஒரு சுற்றுலாவைப் பற்றியே பேசுகிறேன்.

எங்கள் பள்ளியில் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளே அதிகம். எட்டாம் வகுப்பில் 22 பேரை நீலகிரி எக்ஸ்பிரஸில் சென்னைக்கு அழைத்துப் போனோம். காலையில் கடற்கரை, பிறகு கோளரங்கம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குள் நுழையும்போது மாலை மூன்றரை மணி. ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம். ஒரு நாள் முழுக்கச் சுற்றினாலும் தீராது. நானோ 40 கேள்விகள் கொண்ட தாளை ஆளுக்கொன்று கொடுத்திருந்தேன்.

என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன் நின்ற பிள்ளைகள் அவரைப் பார்க்கவேயில்லை. ஒருவன் பெயர்ப்பலகையைப் பார்த்து எழுத, மற்றவர்கள் அவனைப் பார்த்து எழுதினார்கள். தேர்வறையில் நாம் பிடிக்கும் குற்றத்தை அங்கே நானே ஏற்பாடு செய்திருந்தேன்.

மானிடவியல் பகுதிக்கு வந்தபோது மணி நாலரை. பின்தங்கி நின்ற ஒரு மாணவி கத்தினாள்: "டீச்சர், இங்க வாங்க, நம்ம ஊர் எருமை!"

கண்ணாடிக்குள் ஒரு பானை மூடி. அதன்மேல் களிமண்ணில் பிடித்த சின்ன எருமை. தோடர் எருமைக்கு இருப்பது போலவே கொம்பு வளைந்திருந்தது. பலகையில் நீலகிரி என்று எழுதியிருந்தது. கேள்வித்தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பிடித்ததை வரையச் சொன்னேன். மீதி நேரம் முழுவதும் அங்கேயே நின்றோம். நோட்டில் ஒரு வரி எழுதவே அழுகிற பையன், கொம்பின் வளைவு சரியாக வரவில்லை என்று மூன்று முறை அழித்து வரைந்தான்.

"யார் டீச்சர் செஞ்சது?", "இதெல்லாம் ஏன் ஊட்டியில இல்ல?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆதிச்சநல்லூர்த் தாழியைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தியிருக்கிறேன். நம் மலைக் கல்வட்டங்களுக்குள்ளும் இப்படிப் பொருள்கள் இருந்தன என்பது, 18 ஆண்டு பணிக்குப் பிறகும் எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்துதான் படித்தேன். நீலகிரியின் முதல் ஆணையர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் இந்த ஈமக்குழிகளைத் தோண்டிப் பொருள்களைச் சேகரித்திருக்கிறார். 1872இல் அவர் இறந்துபோக, அவருடைய நூல் மறு ஆண்டு வெளிவந்தது. சேகரிப்பில் ஒரு பகுதி சென்னைக்கும் இன்னொரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் போய்விட்டது. செய்தவர்கள் யார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. அதையும் அப்படியே வகுப்பில் சொன்னேன். ஆசிரியருக்கும் தெரியாது, புத்தகம் எழுதியவர்களுக்கும் தெரியாது என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

அடுத்த முறை கேள்வித்தாள் கிடையாது. வெள்ளைத்தாளும் பென்சிலும்தான். பார்ப்பதும் இரண்டே கூடங்கள், அதுவும் காலையிலேயே.

போன மாதம் ஒரு போட்டிக்காக அதே பிள்ளைகளோடு ஊட்டிக்குப் போனேன். பிரீக்ஸ் நினைவாக ஏற்பட்ட பள்ளி அங்கே இருக்கிறதல்லவா? பேருந்து அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டும்போது பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், நம்ம எருமையைக் கொண்டுபோனவர்!"