மீந்துபோன இரண்டு மாத்திரைகள்
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "இடுப்புப் பிடித்துக்கொண்டது. தசைப்பிடிப்பு மாத்திரை யாரிடமாவது இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் மூன்று வீடுகளிலிருந்து "இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பதில். படித்ததும் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அந்தப் பயத்துக்குக் காரணம் சொல்லத்தான் செயலாளரிடம் பத்து நிமிடம் கேட்டேன்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது சொல்லப்போவது, ஒரு தவறு செய்த பிறகு டாக்டரிடமும் மருந்துக்கடையிலும் கேட்டுத் தெரிந்துகொண்டது.

இரண்டு வருடம் முன்பு 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கியபோது எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. டாக்டர் டைசானிடின் 2 மி.கி., இரவில் ஒன்று, ஐந்து நாளைக்கு எழுதினார். மூன்றாம் நாளே வலி போய்விட்டது. மீதி இரண்டு மாத்திரையை டிராயரில் போட்டு வைத்தேன்.

சில மாதம் கழித்து என் மனைவிக்குச் சிறுநீர்த் தொற்று. டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்திருந்தார். அதே வாரம் கழுத்தும் பிடித்துக்கொண்டது. "ஏங்க, உங்க இடுப்பு வலி மாத்திரை மீதி இருக்குமே?" என்றாள். காசு கொடுத்து வாங்கியது வீணாகக் கூடாது என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

இரவு இரண்டு மணிக்குக் குளியலறைக்குப் போக எழுந்தவள் நிலைப்படியிலேயே சரிந்தாள். பேச்சு குழறியது. மருத்துவமனையில் பார்த்தால் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 80. என்னென்ன மாத்திரை என்று டாக்டர் கேட்டார். இரண்டு பெயரையும் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். "இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது" என்றார். டைசானிடினைக் கல்லீரல் கரைத்து வெளியேற்றும் வேலையை சிப்ரோஃப்ளாக்சசின் தடுத்துவிடுகிறது. அதனால் ஒரே மாத்திரை பல மாத்திரை சாப்பிட்டதுபோல் வேலை செய்யும். போதாததற்கு, அவள் ஏற்கெனவே பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவள். டைசானிடின் தானாகவே ரத்த அழுத்தத்தைக் குறைக்கும்.

நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை, மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆனால் அந்த மாத்திரையையும் தண்ணீர் டம்ளரையும் நீட்டியது என் கை. அதை இன்றும் மறக்க முடியவில்லை.

இந்த மாத்திரைகளைப் பற்றிச் சில விஷயங்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான தசைத் தளர்த்தி மருந்துகள் பிடித்த இடத்துக்கு நேராகப் போய் வேலை செய்வதில்லை. மூளை, தண்டுவடம் வழியாகத்தான் வேலை செய்கின்றன. அதனால்தான் தூக்கமும் தள்ளாட்டமும் வருகின்றன. சாப்பிட்டுவிட்டு ஸ்கூட்டர் எடுக்காதீர்கள். மதுவோடு சேர்க்கவே கூடாது. தூக்க மாத்திரையோ, தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரையோ சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இரவில் எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். நம் வயதில் ஒரு விழுதல் போதும், இடுப்பெலும்பு போய்விடும்.

அட்டையில் பெரிதாக இருக்கும் பெயரைப் பார்க்காதீர்கள். கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். குளோர்சாக்சசோன் பெரும்பாலும் பாராசிட்டமாலோடும் ஒரு வலி மருந்தோடும் சேர்ந்தே வருகிறது. அது தெரியாமல் காய்ச்சலுக்கு என்று தனியாகப் பாராசிட்டமால் போட்டால் இரட்டைக் கணக்கு ஆகிவிடும். கல்லீரல்தான் அதற்கு வட்டி கட்டும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.

சுளுக்கு, பிடிப்புக்கு இவை சில நாட்களுக்கான மருந்துகள். தயோகால்ச்சிகோசைடை வாய்வழியாக 7 நாளுக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-லேயே சொல்லியிருக்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அதைச் சாப்பிடவே கூடாது.

இதற்கு நேர்மாறான விஷயம் ஒன்றும் உண்டு. பக்கவாதத்துக்குப் பிறகு கைகால் இறுக்கத்துக்கு மாதக்கணக்கில் பாக்லோஃபென் சாப்பிடுகிறவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். டாக்டர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது மாத்திரை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்த மருந்து உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எல்லா முதுகு வலியும் பிடிப்பு அல்ல. காலில் மரத்துப்போதல், பலவீனம், சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது, காய்ச்சல், கீழே விழுந்த பிறகு வந்த வலி என்றால் மாத்திரை தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரை சாப்பிட்டவர் மயங்கினாலோ மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

வங்கியில் 'அக்கவுண்ட் பேயி' காசோலை என்று ஒன்று உண்டு. யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில்தான் பணம் ஏறும். அண்ணன், தம்பி என்று சொன்னாலும் நாங்கள் மாற்றிப் போட மாட்டோம். டாக்டர் சீட்டும் அப்படித்தான். அது உங்கள் பெயருக்கு, உங்கள் வயதுக்கு, நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளைப் பார்த்து எழுதியது.

இன்று வீட்டுக்குப் போனதும் டிராயரைத் திறந்து பாருங்கள். காலாவதியானவற்றையும், தேதி தெரியாமல் வெட்டிய துண்டுகளையும் எடுத்துவிடுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். டாக்டரிடம் காட்ட அது போதும்.

இனி குழுவில் யாராவது மாத்திரை கேட்டால், "கீழே வாருங்கள், காரில் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்" என்று பதில் போடுங்கள். பகலாக இருந்தால் என்னையே கூப்பிடலாம். ஓய்வு பெற்றவன், சும்மாதான் இருக்கிறேன்.