பொன் மோதிரமும் கைக்கடிகாரமும்

பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு (இரண்டாம் ஆண்டு) – வானொலி மறையுரை
எசாயா 35:4-7, யாக்கோபு 2:1-5, மாற்கு 7:31-37



இன்றைய இரண்டாம் வாசகத்தில் புனித யாக்கோபு நம்மை ஒரு தொழுகைக்கூடத்தின் வாசலில் நிறுத்துகிறார். இருவர் உள்ளே வருகிறார்கள். ஒருவர் விரலில் பொன் மோதிரம், உடலில் பளபளப்பான ஆடை. மற்றவர் அழுக்குக் கந்தையோடு வந்த ஏழை. முன்னவருக்கு நல்ல இருக்கை கிடைக்கிறது. ஏழையோ ஓரமாக நிற்க வேண்டியதாகிறது.

அந்நாளில் பொன் மோதிரம் வெறும் அணிகலன் அல்ல. உரோமைப் பேரரசில் அது உயர்குடியினரின் அடையாளம். வழக்காடுவதற்காக மோதிரத்தை வாடகைக்கு எடுத்து அணிந்த ஒரு வழக்கறிஞரைப் பற்றி உரோமைக் கவிஞர் ஜுவெனல் கேலியாக எழுதியிருக்கிறார். விரலில் மோதிரம் மின்னினால்தான் கட்சிக்காரர்கள் கூடுதல் கட்டணம் கொடுப்பார்களாம்!

இன்று அந்த மோதிரம் மணிக்கட்டுக்கு ஏறியிருக்கிறது. தொழில் தொடங்கும் நம் பிள்ளைகளுக்கு நாமே அறிவுரை சொல்கிறோம்: "பெரிய பார்ட்டியைப் பார்க்கப் போகிறாய், கையில் நல்ல வாட்ச் இருந்தால்தான் மதிப்பார்கள்." அந்த மதிப்புக்காகச் சிலர் மாதத் தவணையில் இலட்சங்களைக் கொட்டுகிறார்கள். வசதி இல்லாதவர்கள் அதேபோன்ற போலியை வாங்கிக் கட்டிக்கொண்டு, யாரும் உற்றுப் பார்த்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டு திரிகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் இருக்கும் சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரத்தைக் கணக்கிடுகிறது. மாதம் முழுவதும் ஓடினாலும் பெரும்பாலும் அரை நிமிடத்துக்கு மேல் பிசகாது. பல இலட்சம் விலையுள்ள இயந்திரக் கடிகாரமோ ஒரே நாளில் சில நொடிகள் முன்பின் ஆகும். ஆக, அந்த இலட்சங்களை நாம் நேரம் பார்ப்பதற்காகக் கொடுக்கவில்லை. பிறர் நம்மைப் பார்ப்பதற்காகக் கொடுக்கிறோம்.

நல்ல கைவினையை விரும்புவது பாவம் அல்ல. தொழில் பேசப் போகும்போது நேர்த்தியாக உடுத்துவது எதிரில் இருப்பவருக்கு நாம் செய்யும் மரியாதை. அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது? யாக்கோபு யாரைக் கண்டிக்கிறார் என்று கவனிப்போம். மோதிரம் அணிந்து வந்தவரை அல்ல, அவருக்கு இருக்கை காட்டிய சபையைத்தான் கண்டிக்கிறார்! அந்தச் சபை நாம்தான். நம் பங்குத் திருவிழாவில் முன்வரிசை நாற்காலி யாருக்குப் போகிறது? பெண் கேட்டு வருபவரின் குணத்தை முதலில் விசாரிக்கிறோமா, வந்து இறங்கிய காரைப் பார்க்கிறோமா? மணிக்கட்டைப் பார்த்து மனிதரை எடைபோட நாம் பழகிவிட்டதால்தான், நம் வீட்டு இளைஞர் கடன் வாங்கிக் கடிகாரம் கட்டுகிறார். அந்தக் கடனில் நமக்கும் பங்கு உண்டு.

தொழிலில் நிலையான மதிப்பு எதனால் வருகிறது? சொன்ன நாளில் சரக்கு கொடுப்பதால், சொன்ன தேதியில் பணம் கொடுப்பதால் வருகிறது. கூலியாளின் கூலியைச் சூரியன் மறையும் முன்னே கொடுத்துவிடு என்கிறது இணைச்சட்டம் (24:15). ஏனெனில் ஏழையின் உயிர் அந்தக் கூலியை நம்பியே இருக்கிறது. திருப்பூர் போன்ற ஊர்களில் தொழிலாளிக்குச் சனிக்கிழமை மாலை என்றால் வாரச் சம்பளம். அதை வைத்துத்தான் மளிகைக் கடைப் பாக்கி தீர வேண்டும், பிள்ளைக்கு மருந்து வாங்க வேண்டும். முதலாளியின் கையில் உலகப் புகழ்பெற்ற கடிகாரம் இருந்தும், சம்பளம் மட்டும் "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று தள்ளிப்போனால், அந்தக் கடிகாரத்தால் என்ன பயன்? பிடித்துவைக்கப்பட்ட கூலி கடவுளின் செவிகளில் கூக்குரலிடுகிறது என்று இதே யாக்கோபு எச்சரிப்பதை (5:4) இன்னும் மூன்று வாரங்களில் வாசகமாகக் கேட்கவிருக்கிறோம்.

நற்செய்தியில் இயேசு, காது கேளாதவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். தொட்டுக் குணமாக்குகிறார். பிறகு யாருக்கும் சொல்ல வேண்டாம் என்கிறார். பிறரைக் கவர வேண்டும் என்ற நோக்கம் அங்கே கொஞ்சமும் இல்லை. எதிரில் நின்ற மனிதர் மட்டுமே அவர் கண்ணில் இருந்தார்.

இந்த வாரம் நாம் இரண்டு காரியங்கள் செய்வோம். யாருக்காவது கூலியோ பாக்கியோ கொடுக்க வேண்டியிருந்தால், நம் கடிகாரத்தைப் பார்த்து, பொழுது சாயும் முன்னே கொடுத்துவிடுவோம். அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு வரும்போது, கோயில் வாசலில் தயங்கி நிற்பவரை அழைத்து நம் அருகில் அமர வைப்போம்.

ஆள்பார்த்துச் செயல்படாத ஆண்டவர், வெளித்தோற்றத்தைக் கடந்து உள்ளத்தைக் காணும் கண்களை நமக்குத் தருவாராக. ஆமென்.